யானை உண்ட விளாங்கனியும் பித்தளைக் குழாயும்

ஊத்துக்குளி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வெண்ணெய் ஞாபகம் வரும். அந்த வெண்ணெய் எடுத்த வீடுகளில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தயிர், மோர் எல்லாம் மண்சட்டியில்தான். பித்தளைப் பாத்திரத்தில் மோரை ஊற்றி வைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறிவிடும், குடித்தவருக்கு வயிற்றைப் புரட்டும். புளி சேர்ந்த எதையும் பித்தளையில் வைக்க வேண்டுமானால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். ஈயம் பூசுகிறவர் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஊருக்குள் வந்து, மரத்தடியில் குழி தோண்டித் துருத்தி வைத்துக் கரி மூட்டுவார். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயத்தைத் தொட்டு வைத்துத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். பேச்சில் ஈயம் என்று சொன்னாலும் அது வெள்ளீயம்.

பித்தளை நல்ல உலோகம்தான், ஆனால் அதற்குள் என்ன ஊற்றுகிறோம் என்று பார்த்து ஊற்ற வேண்டும். நம் அம்மாயிமார்களுக்குத் தெரிந்திருந்த இந்த விஷயத்தைப் பெரிய பெரிய கப்பல்களும் மின் நிலையங்களும் படித்துக்கொள்ள நூறு வருடம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். முதலில் ஒரு சர்க்கரை ஆலையிலும் பிறகு அனல் மின் நிலையத்திலுமாக என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி பித்தளைக் குழாய்களோடுதான் கழிந்தது. அதனால் இதைச் சொல்லக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் குழாய் எதற்கு என்று பார்த்துவிடலாம். அனல் மின் நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வரும் நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கிக் கொதிகலனுக்கே அனுப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்வது கண்டென்சர். ஒரு வீடு அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமனான குழாய்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து மீட்டர் நீளம், வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். 210 மெகாவாட் யூனிட் ஒன்றில் சுமார் 15 ஆயிரம் குழாய்கள். அத்தனையையும் ஒன்றன் பின் ஒன்றாக வைத்தால் ஊத்துக்குளியிலிருந்து கோவை போய்த் திரும்பி வந்தும் மிச்சம் இருக்கும். குழாய்க்கு உள்ளே ஆற்று நீரோ கடல் நீரோ ஓடும். வெளியே நீராவி பட்டுக் குளிர்ந்து சொட்டும். நடுவே இருக்கும் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்தான்.

அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது. நீராவிப் பக்கம் வெற்றிடம். குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் உப்புத் தண்ணீர் உறிஞ்சப்பட்டுக் கொதிகலனுக்குப் போய்விடும். அங்கே இருக்கும் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் அந்த உப்பு கொதிகலன் குழாய்களை அரித்துவிடும். ஆய்வகத்தில் கண்டென்சர் தண்ணீரில் வெள்ளி நைட்ரேட் கரைசல் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்போம். பால் மாதிரி கலங்கினால் உப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு யாருக்கும் தூக்கம் கிடையாது.

இந்த இடத்துக்கு ஏன் பித்தளை? மூன்று காரணம். வெப்பத்தை நன்றாகக் கடத்தும். மெல்லிய குழாயாக இழுக்க வரும். செம்பு கலந்திருப்பதால் பாசியும் சிப்பியும் அதன் மேல் எளிதில் ஒட்டாது. சுத்தச் செம்பு இன்னும் நன்றாக வெப்பம் கடத்தும் என்றாலும் விலை அதிகம், மிருதுவானது, வேகமாக ஓடும் தண்ணீரில் தேய்ந்துவிடும்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. இதில் நமக்குப் பெருமை தரும் விஷயம் ஒன்று உண்டு. துத்தநாகத்தைத் தாதுவிலிருந்து தனியாகப் பிரிப்பது சுலபமில்லை. சூட்டில் அது ஆவியாகிப் பறந்துவிடும். ராஜஸ்தானில் உதயப்பூருக்குப் பக்கத்தில் ஜாவர் என்ற இடத்தில், மண் குடுவைகளைத் தலைகீழாக அடுக்கி, அந்த ஆவியைக் கீழே குளிர வைத்துத் துத்தநாகம் எடுத்திருக்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது ஒரு பெரிய தொழிலாக அங்கே நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் என்பவர் துத்தநாகம் வடிக்கக் காப்புரிமை வாங்கியது 1738-இல்தான். ஆவியைக் குளிர வைத்துப் பிடித்த உலோகம், பிற்காலத்தில் நீராவியைக் குளிர வைக்கும் குழாயாக வந்து நின்றது.

1832-இல் பர்மிங்ஹாம் நகரத்து ஜார்ஜ் மண்ட்ஸ் 60 பங்கு செம்பும் 40 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். மரக்கப்பல்களின் அடிப்பகுதியில் செம்புத் தகடு அடித்து வந்த காலம் அது. செம்பைவிட மலிவானது என்பதால் மண்ட்ஸ் தகடு பிடித்துக்கொண்டது. லண்டன் கிரீனிச்சில் இன்றும் நிறுத்தி வைத்திருக்கும் கட்டி சார்க் என்ற பாய்மரக் கப்பலுக்கு 1869-இல் அடித்ததும் இந்தத் தகடுதான்.

1834-இல் சாமுவேல் ஹால் என்பவர் கப்பல் எஞ்சினுக்குக் குழாய்கள் வைத்த கண்டென்சரைக் காப்புரிமை செய்தார். அதற்கு முன்னால் நீராவியின் மேல் நேராகக் கடல் நீரைப் பீச்சி அடித்துக் குளிர வைத்தார்கள். அந்த உப்பு முழுவதும் கொதிகலனில் படிந்துகொண்டே இருக்கும். குழாய் வந்த பிறகு கொதிகலனுக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது. 1860களுக்குப் பிறகு இந்த ஏற்பாடு கப்பல்களில் பரவலாயிற்று. அப்போதுதான் பித்தளையின் குணம் வெளியே வந்தது.

குழாய் வெளியே பார்க்க முழுசாக இருக்கும். அதே நீளம், அதே பருமன், அதே தடிமன். கையில் எடுத்து அழுத்தினால் பொடிந்து போகும். நிறம் மட்டும் மஞ்சளிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறியிருக்கும். உப்பு நீர் பித்தளையிலிருக்கும் துத்தநாகத்தை மட்டும் கரைத்து எடுத்துக்கொண்டு, செம்பைச் சல்லடை மாதிரி விட்டுவிட்டுப் போயிருக்கும். துத்தநாக இழப்பு என்று இதற்குப் பெயர். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் யானை உண்ட விளாங்கனி என்ற பழமொழிதான் நினைவுக்கு வரும். அந்த யானை மிருகமல்ல, விளாம்பழத்துக்கு வரும் ஒரு நோயின் பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஓடு அப்படியே இருக்கும், உள்ளே சதை இருக்காது. பித்தளைக்கு வந்ததும் அதே மாதிரி நோய்தான்.

இங்கிலாந்துக் கடற்படை முதலில் கண்டுபிடித்த மருந்து நம் ஈயம் பூசுகிறவர் கையில் இருந்த அதே வெள்ளீயம். ஒரு வித்தியாசம், நாம் வெளியே பூசினோம், அவர்கள் உருக்கும்போதே உள்ளே கலந்தார்கள். செம்பு 70, துத்தநாகம் 29, வெள்ளீயம் 1. கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டியின் பெயரால் அதற்கு அட்மிரால்டி பித்தளை என்றே பெயர் வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் ஸ்டோரில் அந்தப் பெயரில்தான் குழாய் வந்து இறங்கியது. எங்கள் ஆட்கள் வாயில் அது ‘அட்மில்ட்ரி’ ஆகிவிட்டது.

நூற்றுக்கு ஒரு பங்கு வெள்ளீயம் நோயைக் குறைத்ததே தவிர நிறுத்தவில்லை. கப்பல் எஞ்சின்கள் பெரிதாக ஆக, தண்ணீரின் வேகமும் கூடியது, குழாய்கள் ஓட்டை விழுவதும் கூடியது. முதல் உலகப் போர்க் காலத்தில் இது ஒரு தொற்று மாதிரி பரவ, கடற்படைக்காரர்கள் வியாதிகளுக்கு வைப்பது போல ‘கண்டென்சரைட்டிஸ்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1908-இல் தொடங்கிய இங்கிலாந்து உலோகவியல் கழகம் இதற்கென்றே ஒரு குழு அமைத்தது. கை பெங்கோ என்ற விஞ்ஞானி வருடக்கணக்காகக் குழாய்களைக் கடல் நீரில் போட்டுப் பார்த்து அறிக்கை அறிக்கையாக எழுதினார்.

1920களில் இரண்டு நல்ல விடைகள் கிடைத்தன. ஒன்று, ஆர்சனிக். ஆம், பாஷாணத்தில் இருக்கும் அதே ஆர்சனிக்தான். நூற்றுக்கு 0.02 முதல் 0.06 பங்கு வரை சேர்த்தால் போதும், துத்தநாக இழப்பு அநேகமாக நின்றுவிடுகிறது. ஒரு டன் பித்தளைக்கு அதிகபட்சம் 600 கிராம். கரைந்த செம்பு திரும்பப் படிவதை ஆர்சனிக் தடுக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். மனிதனைக் கொல்லும் பொருள் உலோகத்துக்கு மருந்தாகிறது. இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. துத்தநாகம் குறைவாக உள்ள பித்தளைக்குத்தான் இந்த மருந்து கேட்கும். நாற்பது பங்கு துத்தநாகம் உள்ள மண்ட்ஸ் பித்தளைக்குக் கேட்காது.

இரண்டாவது விடை அலுமினியம். செம்பு 76, துத்தநாகம் 22, அலுமினியம் 2, கூடவே அந்தத் துளி ஆர்சனிக். அலுமினியம் குழாயின் உள்பக்கத்தில் மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்துகிறது. மணலோ நுரையோ பட்டு அது கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். கடலோர மின் நிலையங்களுக்கு உலகம் முழுக்க அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த அலுமினியப் பித்தளைதான் கதி.

உப்பு நீர் கதை அது. பித்தளைக்கு இன்னோர் எதிரி உண்டு. அதைக் கண்டுபிடித்த கதையில் நம் நாட்டு மழைக்காலம் வருகிறது.

பிரிட்டிஷ் இந்தியாவில் பட்டாளத்துத் தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. யாரும் தொடவில்லை, சுடவில்லை. பெட்டியில் வைத்தது வைத்தபடியே வெடிப்பு. மழை சீசனில் வருவதால் ‘சீசன் கிராக்கிங்’ என்று பெயர் வைத்தார்கள், இன்றும் உலோகவியல் புத்தகங்களில் அந்தப் பெயர்தான். காரணம் உறுதியானது 1921-இல். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பேர் ஆய்வு செய்து சொன்னார்கள், குற்றவாளி அமோனியா. குதிரை லாயத்துச் சாணமும் மூத்திரமும் மட்கும்போது வருகிற வாயு. ஈரக்காற்றில் அது உலோகத்தின் மேல் படிந்து, உருவாக்கும்போது உள்ளேயே தங்கிவிட்ட இழுவிசையோடு சேர்ந்துகொண்டு விரிசலாகப் பிளக்கிறது. உருவாக்கிய பிறகு மிதமான சூட்டில் சிறிது நேரம் வைத்து எடுத்தால் அந்த இழுவிசை தணிந்துவிடும். விடியற்காலையில் கட்டுத்தரைக்குள் நுழைந்தவுடன் மூக்கைக் குத்துமே ஒரு நெடி, அதுதான் அந்தக் குற்றவாளி. நமக்குக் கண்ணில் தண்ணீர் வரும், பித்தளைக்கு உயிரே போகும். அமோனியா வைத்துக் குளிரூட்டும் ஐஸ் பேக்டரியிலும் பால் குளிரூட்டும் நிலையத்திலும் அந்த வாயு போகும் வழியில் பித்தளை, செம்பு எதையும் வைக்கமாட்டார்கள், எல்லாம் இரும்புக் குழாய். காரணம் இதுதான்.

சர்க்கரை ஆலைக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் உடுமலைக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்து அமராவதி ஆலை 1960-இல் அரவையைத் தொடங்கியது. தமிழ்நாட்டின் முதல் கூட்டுறவு சர்க்கரை ஆலை என்ற பெயர் அதற்கு. நான் வேலை பார்த்தது வேறோர் ஆலை, பெயர் வேண்டாம். அந்தக் காலத்து ஆலைகளில் கரும்புச் சாற்றைச் சுண்ட வைக்கும் எவாப்பரேட்டர்களில் பெரும்பாலும் பித்தளைக் குழாய்தான். குழாய்க்குள் சாறு, வெளியே நீராவி. ஒரு பாத்திரத்தில் சாறு கொதித்து வரும் ஆவி அடுத்த பாத்திரத்துக்குச் சூடு கொடுக்கும். சாற்றிலிருந்து கொஞ்சம் அமோனியாவும் அந்த ஆவியோடு கிளம்பி வரும். அதை வெளியேற்றாவிட்டால் மேலே தங்கிப் பித்தளைக் குழாயை வெளிப்பக்கத்திலிருந்து தின்னும். அதற்காக வைத்திருக்கும் திருகுக்குப் பெயரே ‘அமோனியா காக்’. பழைய மேஸ்திரி ஒருவர், பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், சேர்ந்த புதிதில் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, அந்தக் காக்கைத் தொட்டுப் பாருங்க. சில்லுனு இருந்தா உள்ள கெட்ட காத்து நிக்குதுன்னு அர்த்தம், நல்லாத் தெறந்து உடுங்க” என்றார். புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்ததை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

அரவை முடிந்த பிறகு குழாய்களைச் சுத்தம் செய்வது பெரிய வேலை. உள்ளே கல் மாதிரி படிவு இருக்கும். காஸ்டிக் சோடா ஊற்றிக் கொதிக்க வைத்து, பிறகு ஒவ்வொரு குழாயிலும் சுழலும் பிரஷ்ஷை விட்டுச் சுரண்டுவார்கள். சுரண்டச் சுரண்டக் குழாயும் மெலியும். கழற்றிய குழாயின் வெளிப்பக்கத்தில் சில இடத்தில் அழகான நீல நிறம் தெரியும். அமோனியாவும் செம்பும் சேர்ந்த நிறம் அது. அழகாக இருக்கிறதே என்று பார்த்தால், அந்த இடத்தில்தான் குழாய் காகிதமாகியிருக்கும்.

மின் நிலையத்தில் ஓட்டைக் குழாயைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருந்தது. இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். யூனிட் பாதி லோடில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்டென்சரின் ஒரு பக்கத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, ஆள் உள்ளே இறங்கி, மெழுகுவர்த்தியை ஒவ்வொரு குழாய் வாயிலும் காட்டிக்கொண்டே போக வேண்டும். ஓட்டை இருக்கும் குழாய் சுடரை உள்ளே இழுக்கும். இழுத்த குழாயின் இரண்டு முனையிலும் அடைப்புக் கட்டையை அடித்துவிட்டு வெளியே வருவோம். நிறுத்தவே முடியாத நேரத்தில் குளிர் நீரில் மரத்தூளைக் கலந்து விடுவதும் உண்டு. வெற்றிடம் தூளை ஓட்டைக்குள் இழுத்து அடைத்துக்கொள்ளும். கப்பல்காரர்கள் காலத்திலிருந்து வந்த வைத்தியம் அது.

இந்தக் குழாய்களை நம் நாட்டிலேயே செய்த தொழிற்சாலைகளும் உண்டு. சூடான பித்தளைக் கட்டியை அழுத்திப் பிதுக்கிக் குழாயாக்கி, பிறகு ஒன்றைவிட ஒன்று சிறிய அச்சுகள் வழியாகக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்து மெலியவைப்பார்கள். ஒட்டு எங்கும் இருக்காது. அப்படிச் செம்பு, பித்தளைக் குழாய் செய்த பம்பாய் கமானி டியூப்ஸ் 1980களில் குடும்பச் சண்டையில் சிக்கி மூடிக் கிடந்தது. 1988-இல் உச்ச நீதிமன்றத்தின் அனுமதியோடு தொழிலாளர்களே கூட்டுறவு அமைத்து அந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டார்கள். அந்நாளில் தொழிற்சங்கக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசாதவர் கிடையாது.

அரிமானத்தை ஆராயத் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய நிறுவனமும் கிடைத்தது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் டாக்டர் அழகப்பச் செட்டியார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில், ஜனவரி 14 அன்று, டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மண்டபத்தில் கடற்கரையிலேயே அவர்களுக்குச் சோதனை நிலையம் உண்டு. உலோகத் துண்டுகளைக் கடலில் தொங்க விட்டும் உப்புக் காற்றில் நிறுத்தி வைத்தும் எடை பார்த்தார்கள். பஞ்சாலை முதலாளி ஒருவர் தந்த பணம் உலோகத்தின் நோயைப் படிக்க உதவியது என்பதை நம் ஊர்ப் பக்கத்து ஆலைக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கதை வேறு மாதிரி. அங்கே முதல் உலை 1984-லும் இரண்டாவது 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. குளிர்விக்கும் கடல் நீர், கடலுக்கு அடியில் வெட்டிய கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர்ச் சுரங்கம் வழியாக வருகிறது. குழாய்கள் அலுமினியப் பித்தளை. குழாயில் சிப்பி ஒட்டாது, சரி. ஆனால் சுரங்கத்துச் சுவர் சிமெண்டுக் காரை ஆயிற்றே. பச்சைச் சிப்பிகள் அங்கே குடும்பம் குடும்பமாகக் குடியேறி வளர்ந்தன. செத்த சிப்பியின் ஓடு அடித்துக்கொண்டு வந்து குழாயில் சிக்கினால், தண்ணீர் அதைச் சுற்றிச் சுழித்து ஓடும். சுழிக்கிற இடத்தில் பாதுகாப்புப் படலம் கிழிந்து குழாய் அரிக்கும். குளோரின் விட்டுத்தான் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. உலோகம் தேர்ந்தெடுத்தது சரியாகவே இருந்தாலும், தண்ணீரோடு என்ன கூட வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இப்போது பித்தளை போய்விட்டது என்றே சொல்லலாம். புதிய மின் நிலையங்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது டைட்டானியம். சர்க்கரை ஆலைகளிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வந்துவிட்டது. பித்தளை அளவுக்கு வெப்பம் கடத்துவதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் சுவரை இன்னும் மெல்லியதாகச் செய்யலாம், அதனால் நஷ்டம் பெரிதாகத் தெரியாது. செம்பு கொஞ்சம் கரைந்து கொதிகலன் வழியாகப் போய் டர்பைன் இலைகளில் படிவது என்ற தொல்லையும் தீர்ந்தது. டைட்டானியத்தைக் கடல் நீர் ஒன்றும் செய்யாது. இவையெல்லாம் நல்ல காரணங்கள்தான், நான் மறுக்கவில்லை.

நான் சொல்ல வருவது இன்னொரு காரணம். ஆறுகளில் சாக்கடை கலந்தது. சாக்கடையோடு அமோனியாவும் கந்தக வாயுவும் வந்தன. கந்தகம் பித்தளையின் பாதுகாப்புப் படலத்தைக் கெடுக்கும். அமோனியா பிளக்கும். நல்ல ஆற்று நீரில் இருபது முப்பது வருடம் உழைக்கும் குழாய், கெட்ட நீரில் சில வருடங்களிலேயே போய்விடும். வருடாந்திரப் பராமரிப்பில் குழாய் ஒன்றை உருவி எடுத்து நீளவாக்கில் பிளந்து பார்ப்போம். அந்த வருடம் தண்ணீர் எப்படி இருந்தது என்று உள்பக்கம் எழுதியிருக்கும். சிவந்திருந்தால் உப்பு. நீலமும் விரிசலும் இருந்தால் அமோனியா. கறுத்திருந்தால் கந்தகம். குதிரைக் குளம்பு மாதிரி குழி விழுந்திருந்தால் மணலும் வேகமும். ஆய்வக அறிக்கையை யாராவது மாற்றி எழுதலாம், குழாய் மாற்றிச் சொல்லாது. பித்தளை முறையிட்டுக்கொண்டே இருந்தது. நாம் தண்ணீரைத் திருத்தாமல் குழாயை மாற்றினோம். டைட்டானியம் எதையும் தாங்கும், அதனால் எதையும் சொல்லாது.

இதை நொய்யல் கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் ஊருக்குத் தென்கிழக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்தார்கள். பாசன நீருக்குப் பதிலாகச் சாயத் தண்ணீர் வந்து தேங்கியது. கிணறுகள் உப்பாயின, தென்னை கருகியது, கறவை மாடுகள் அந்தத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூற்றுக்கும் மேற்பட்டவை மூடின. எத்தனை குடும்பங்கள் வேலை இல்லாமல் தவித்தன என்பதும் நமக்குத் தெரியும். அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டில்தான் பட்டறைகள் திறந்தன. சாயத் தண்ணீரை சவ்வு வழியாக வடிகட்டி, மிஞ்சும் கெட்டி உப்பு நீரை எவாப்பரேட்டரில் சுண்ட வைத்து உப்பாக எடுக்கிறார்கள். சர்க்கரை ஆலையில் சாறு சுண்டுகிற அதே வித்தைதான். அந்த உப்பு நீருக்கு முன்னால் பித்தளை நிற்காது, உயர்தர எஃகும் டைட்டானியமும் வேண்டியிருக்கிறது. செலவு அதிகம், கரண்டும் நீராவியும் அதிகம். ஆனாலும் இந்த இடத்தில் விலை உயர்ந்த குழாய் வைத்தது ஆற்றைக் காப்பாற்றுவதற்காக என்பதால் எனக்கு அதில் குறை இல்லை. இப்படியொரு குழாய் 1992-க்கு முன்பே வந்திருந்தால் ஒரத்துப்பாளையத்துக்காரர்களின் நிலம் தப்பியிருக்கும்.

கழற்றிய பித்தளைக் குழாய்கள் எங்கே போகின்றன என்று கேட்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான செய்தி. உலக பழைய உலோகச் சந்தையில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சங்கேதப் பெயர் உண்டு. அட்மிரால்டி பித்தளைக் கண்டென்சர் குழாய்க்குப் ‘பேல்ஸ்’. அலுமினியப் பித்தளைக் குழாய்க்குப் ‘பல்லு’! அரித்துப் போன குழாய் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. சொத்தைப் பல்லுக்கு விலை இல்லை என்று எங்கள் ஸ்டோரில் சொல்லிச் சிரிப்போம்.

இதை இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். உங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர் வருகிற பழைய பித்தளைக் குழாயோ வால்வோ கழற்றிப் போட்டது இருந்தால் எடுத்துப் பாருங்கள். மரை உள்ள இடத்தில் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சளாக மின்னினால் நல்லது. செம்பு நிறத்தில் சிவந்து மண்ணாக உதிர்ந்தால் அதுதான் நான் சொன்ன விளாங்கனி, உங்கள் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கலாம். கடையில் போய் ஸ்டீல் குழாய் வாங்கி மாட்டிவிடலாம், ஒரு மணி நேர வேலை. அதற்கு முன்னால் ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக் குடிநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். அதே தண்ணீரைத்தான் பேரப்பிள்ளைகளும் கட்டுத்தரையில் நிற்கும் எருமையும் குடிக்கின்றன.